நாலாம் எண் புட்டி

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் புட்டி கழுவும் அக்கா, ஓடைத் தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றி ஒரு ஆராய்ச்சியையே கவிழ்த்துவிட்டாராம். இந்தச் செய்தி என் காதுக்கு வந்து சேர்ந்தபோது அதற்குக் கை கால் முளைத்திருந்தது, கூடவே ஒரு வாலும். ஓடை வரை நடக்கச் சோம்பல்பட்டுப் பத்தொன்பது வருடமாக இதையேதான் செய்கிறாராம். வதந்தியில் எனக்குப் பிடித்ததே வால்தான். அதைப் பிடித்துக்கொண்டு போனால் தலை எங்கேயாவது அகப்படும்.

தலை, கல்லூரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. காவலாளி.

“குழாய்த் தண்ணின்னு நான் எங்க சார் சொன்னேன்? காலையில ஏழு மணிக்கு அந்தம்மா ஒரு புட்டியில சுத்தமான தண்ணி புடிச்சாங்க. மாடிக் கதவைத் தொறந்துவிடப் போனப்ப பாத்தேன். அவ்வளவுதான்.”

“அப்ப குழாய் எங்கேர்ந்து வந்துச்சு?”

“தண்ணி பின்ன எங்கேர்ந்து வரும்? வானத்துலேர்ந்தா?”

கண்டது பாதி, கட்டியது மீதி. ஆனாலும் அந்தக் காலையில் ஒரு புட்டி நிரம்பியது உண்மை என்று தெரிந்துவிட்டதால், மாடியேறிச் சோதனைக்கூடத்துக்குப் போனேன்.

எல்லோருக்கும் அவர் புட்டியக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைக் கேட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்கிறார். பேறுகால விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு வந்தவர். அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது இதே கல்லூரியில் படிக்கிறது. விடுப்புதான் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் இன்னும் ஒரு வருடத்துக்கு வேலை நீட்டிப்பு ஆணை வரும். வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. வீட்டில் முதுகெலும்பு தேய்ந்து படுத்திருக்கும் முன்னாள் லாரி ஓட்டுநரான கணவர் இருக்கிறார். அவருடைய மாத்திரையும் வாடகையும் இந்த ஒரு சம்பளத்தில்தான். “ஜூலை மாசம் மட்டும் என்னை வாங்க போங்கன்னு கூப்புடுவாரு. ஆர்டர் வந்ததும் பழையபடி ஏய்தான்” என்றார் அக்கா, புட்டியைக் கவிழ்த்தபடி.

கோடை விடுமுறையில் கல்லூரி மூடும், அவருக்கு மூடாது. இளநிலை மாணவர்களுக்கான கோடைக்காலச் சுற்றுச்சூழல் ஆய்வு உதவித்தொகை அப்போதுதான் வருகிறது. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்கு நேர்காணலே இல்லாமல் கொடுத்துவிடலாம். எட்டு வாரம். மாணவருக்கு உதவித்தொகையும் சான்றிதழும், வழிகாட்டிக்கு ஒரு கட்டுரை, துறைக்கு ஒரு குழுப் புகைப்படம், அக்காவுக்குப் புட்டி. முதல் வாரம் பூமியைக் காப்பாற்ற வருவார்கள். மூன்றாம் வாரம் கால் கொப்புளத்தைக் காப்பாற்றினால் போதும் என்றாகும். ஐந்தாம் வாரத்தில், ஆராய்ச்சியில் முக்கால்வாசி புட்டி கழுவுவதுதான் என்ற ஞானம் பிறக்கும். ஞானம் பிறந்தவர்கள் எட்டாம் வாரம் ஊருக்குப் போய்விடுவார்கள். மறு கோடைக்கு வேறு செட் வரும்.

“ஒவ்வொரு வருஷமும் முதல்லேர்ந்து சொல்லிக் குடுக்கணும். மூணு தரம் அலசு, கவுத்து வை, உள்ள விரல் விடாதே. என் வாய்க்கும் கைக்கும் வித்தியாசமே இல்ல, ரெண்டும் தேஞ்சு போச்சு.”

அமிலத்தில் ஊறிய கை அது. விரல் நுனிகளில் தோல் வெங்காயச் சருகு போல் உரிந்திருந்தது. கையுறை உண்டு, இரண்டு கையுறையும் இடது கைக்கானவை.

அந்த ஏழு மணிப் புட்டியைப் பற்றிக் கேட்டேன்.

“ஓடையில ஆறு எடத்துல தண்ணி எடுப்போம். ஆறு புட்டி. ஏழாவது, சும்மா புட்டி. காய்ச்சி வடிச்ச தண்ணிய இங்கேயே ஊத்தி, அதையும் கூடவே ஓடைக்குத் தூக்கிட்டுப் போய், திரும்பக் கொண்டு வந்து சோதிப்போம். அதுல அழுக்கு இருந்துச்சுன்னா ஓடை மேல தப்பு இல்ல, கழுவினவ மேல தப்பு.”

“அதாவது, உங்களைச் சோதிக்கிற புட்டி.”

“ஆமா. அதையும் நானே நெரப்பிக் குடுத்து அனுப்பணும். என் நேரம்.”

காவலாளி பார்த்தது அதைத்தான். வதந்தி இங்கேயே செத்திருக்க வேண்டும். ஆனால் அக்காவின் கோப்பில் ஒரு மெமோ இருந்தது.

இந்தக் கோடைக்கு வந்தவர் ஒரே மாணவி. இரண்டாம் ஆண்டு, கெட்டிக்காரி, எதையும் ஒழுங்காகச் செய்கிற ரகம். வழக்கமாகப் புட்டியை நிரப்பின பிறகு, ஓடைக்கரையில் நின்றுகொண்டே பேனாவால் எண் எழுதுவார்கள். கோணல்மாணலாக இருக்கும். மாணவிக்கு அது பொறுக்கவில்லை. ஆறாம் வாரம், முந்தின நாள் மாலையே, நனைந்தாலும் உரியாத லேபிள்களை அச்சடித்து ஏழு காலிப் புட்டிகளிலும் ஒட்டி அடுக்கி வைத்தார். அடுக்கியதில் கடைசியாக நின்றது நாலாம் எண் புட்டி. அக்கா காலையில் வந்தார். சும்மா புட்டி என்றால் அவருக்கு வரிசையில் கடைசிப் புட்டி. பத்தொன்பது வருட வழக்கம். எண்ணைப் படிக்கவில்லை, கண்ணாடியும் வீட்டில். நிரப்பி மூடினார். முழங்கால் வலியால் அன்றைக்கு அவர் ஓடைக்குப் போகவில்லை.

நாலாம் இடம், துணி வெளுத்துச் சாயமேற்றும் ஆலைக்குக் கீழே இருக்கிறது. அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தால் நாலாம் எண் புட்டி ஏற்கெனவே நிரம்பி இருக்கிறது; சும்மா புட்டி என்று ஒட்டியது காலியாக இருக்கிறது. உச்சி வெயில். திரும்பிப் போனால் அரை நாள் பாழ். மாணவி காலிப் புட்டியில் ஓடைத் தண்ணீரை எடுத்துக்கொண்டார், சாயங்காலம் லேபிளை மாற்றிவிடலாம் என்று போனில் குறித்தும் வைத்தார். சாயங்காலம் லேபிள் உரியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டவர், மறந்தே போனார்.

முடிவு வந்தது. நாலாம் இடத்துத் தண்ணீர் குடிக்கவே ஆகும் போலிருந்தது. சும்மா புட்டியில் சோப்பு நுரையும் சாயமும். துறைத் தலைவர் முதல் முடிவைக் கல்லூரிச் செய்தி மடலில் ‘ஓடை மீள்கிறது’ என்று போட்டார். இரண்டாவதை, ‘புட்டிகள் சரிவரக் கழுவப்படவில்லை’ என்று மெமோவாக்கி அக்காவின் கோப்பில் போட்டார். ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகள். நல்லது ஓடைக்கு, கெட்டது அக்காவுக்கு. இரண்டையும் ஒன்றாகப் படிக்க யாருக்கும் நேரமில்லை. மெமோ உள்ள கோப்புக்கு ஆகஸ்டில் ஆணை வராது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“உங்களை யாரும் ஒண்ணும் கேக்கலையா?”

“மெமோ குடுத்தாங்க. கேள்வி குடுக்கல.”

அந்த முடிவுத் தாளை அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தது, அதை ஆய்வுக் கோப்பில் சேர்க்கிற அன்றுதான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த எண்களைப் பத்தொன்பது கோடைகளாகப் பதிவேட்டில் எழுதி வருபவர் அவர். தலைவர் அறைக்குப் போனார்.

“சார், சும்மா புட்டியில இருக்கிறது நாலாம் எடத்துத் தண்ணி சார்.”

“அதை எப்படிம்மா சொல்றீங்க?”

“பாத்தா தெரியுது சார்.”

“பாத்தா தெரியறதெல்லாம் ஆதாரம் ஆகுமா? அப்ப இந்தச் சோதனைக்கூடம் எதுக்கு, நாங்க எதுக்கு?”

இந்தக் கேள்விக்கு அக்காவிடம் பதில் இருந்தது. சொல்லத் தெம்பில்லை. வெளியே வந்து, சான்றிதழோடு ஊருக்குப் போய்விட்ட மாணவிக்குப் போன் போட்டார்.

“பாப்பா, ஒண்ணும் பயப்படாதே. அன்னைக்கு நாலாம் புட்டி எப்படி இருந்துச்சு?”



“அக்கா… ஐயோ அக்கா. போன்ல எழுதி வெச்சேன். மாத்தணும்னு எழுதி வெச்சேன்.”

“சரி, அழுவாத. நானும்தான் லேபிளப் படிக்காம ஊத்திட்டேன்.”

“சொன்னா சர்டிபிகேட்டப் புடுங்கிடுவாங்களாக்கா?”

“தெரியலம்மா. எனக்கு எப்படித் தெரியும்? சொல்லலேன்னா என் வேலை போயிடும், அது தெரியும்.”

மூன்று நாள் கழித்து, போன் குறிப்பின் படத்தோடு தலைவருக்கு மாணவியின் கடிதம் வந்தது. அந்த மூன்று நாளும் அக்கா வழக்கம்போல் கழுவினார். லாரி ஓட்டுநர் வீட்டில் வாங்க போங்க என்பதை நிறுத்தவே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது என்றார்.

சான்றிதழ் பிழைத்தது. அறிக்கையைத் திருத்தி எழுதச் சொன்னதோடு விட்டார்கள். ஓடை செய்தி மடலில் இன்னும் மீண்டுகொண்டிருக்கிறது, அச்சானது அச்சானதுதான். அக்காவுக்கு ஆணை வந்தது, செப்டம்பர் பாதியில், ஆறு மாதத்துக்கு.

“ஆறு மாசம்தானா?”

“மெமோ இன்னும் கோப்புல இருக்கே. எடுக்க விதியில்லயாம். குறுக்க ஒரு கோடு போட்டுக் கையெழுத்து வெச்சா அது செல்லாதாம். போடறேன்னு சார் சொல்லியிருக்காரு.”

“எப்ப சொன்னார்?”

“போன மாசம். நேத்துக்கூட ஞாபகப்படுத்தினேன். அன்னைக்கே போட்டுட்டதா நெனச்சுட்டேனேன்னாரு.”

கோப்பை எடுத்துக் காட்டினார். ‘சரிவரக் கழுவப்படவில்லை’ என்ற வரி, ஒரு கீறலும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. ஒரு விரல் நீளக் கோடு, ஒரு கையெழுத்து. தலைவர் அக்காவுக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான். அதை இன்றைக்கும் வாங்கப் போவதாகச் சொல்லி, அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கோப்போடு கிளம்பினார். தலைவர் கூட்டத்தில் இருந்தார்.