நாயா நரியா: ஒரு மண்டையோட்டோடு ஆறு வாரம்

பழைய மண்டையோடுகளை அளக்கும் வேலையில் ஓட்டுக்குக் கீறல் விழக் கூடாது. அளக்கிறவள் மண்டைக்கு என்ன ஆனாலும் கேட்க நாதியில்லை. ஆய்வு மாணவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

பஸ்ஸில்

முதுமக்கள் தாழி ஒன்றின் பக்கத்தில் தோண்டியெடுத்த மண்டையோடு. ஆறு வாரத்துக்கு என் பொறுப்பு. மனிதர் வளர்த்த நாய்தான் என்று கருத்தரங்கில் அடித்துச் சொல்லிவிட்டேன். நரியென்றால் என் ஆய்வே போச்சு. பஞ்சு சுற்றி, சம்படத்தில் வைத்து, தூத்துக்குடி பஸ்ஸில் மடியில் பிடித்திருந்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் திறந்து பார்த்தேன். கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னார். முடியாது என்று வாதாடி, கடைசியில் விஷயத்தையும் சொன்னேன்.

"நாயா நரியான்னே தெரியாததுக்கா இம்புட்டுச் சண்டை?"

சங்குக் கிட்டங்கியில்

ஒப்பிட இந்தக் காலத்து நரி மண்டை வேண்டும். மணப்பாடு சாலையில் அடிபட்ட நரியின் தலை, வனத்துறைக்கு நடையாய் நடந்து கிடைத்தது. சதை போக வேண்டுமே, விடுதியில் விடுவார்களா? அப்பாவின் சிநேகிதரான சங்கு வியாபாரி அண்ணாச்சி, தன் கிடங்கில் சதை அழுகச் சங்குகளைப் புதைக்கும் மணலிலேயே அதையும் புதைத்துவைத்தார்.

மூன்று வாரம் கழித்துப் பளபளவென்று நீட்டினார். பல் விளிம்பெல்லாம் கரைந்திருந்தது. ஆசிட்டில் போட்டிருக்கிறார். இனி எதை அளப்பது? அரைமணி நேரம் கத்தினேன். அவருக்கு என் கோபமே புரியவில்லை.

"சங்கெல்லாம் இப்படித்தான்ளா வெளுக்கப் போடுதோம். நரிக்குன்னு தனி மருந்தா இருக்கு?"

முற்றத்து மூலையில்

இன்னும் ஆறு நாள். கால்நடைக் கல்லூரியில் கெஞ்சி ஒரு நரி மண்டையை அளந்தேன். பற்களுக்கு நடுவே தாராளமாக இடம். என் பழைய மண்டையில் பற்கள் நெருக்கியடித்து நின்றன. மனிதரோடு வாழ்ந்து முகம் குறுகிய நாய்க்குத்தான் அப்படி வரும். ஆனால் பக்கத்தில் வைத்துக் காட்ட உள்ளூர் நாய் வேண்டுமே?

விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். கிட்டங்கியைப் பதினோரு வருஷம் காத்த தன் நாயைப் புதைத்த மூலைக்குக் கூட்டிப்போனார். மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே மணலை விலக்கினார். பற்களில் அதே நெருக்கம். எப்படிக் கழுவட்டும் என்று கேட்டேன்.

"வெறும் தண்ணி போதும். ஆசிட் பக்கமே கொண்டு போவாத. இது நம்ம மணி."

ஒரு மணியை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று நெறியாளர் சொல்ல, எதற்கும் விட்டுக்கொடுக்காத நான், ஆறு வாரக் கவலைக்குப் பிறகு, 'நாய்தான்' என்பதை அடித்துவிட்டு 'நாயாக இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன்.