பழசு எங்கே?

தொழிற்சாலை ஸ்டோர் ரூமின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வேலைக்காலம் முழுக்க அவர் கேட்டது ஒரே கேள்விதான். புது பேரிங் வேண்டும் என்று வந்தாலும் சரி, புதுக் கையுறை வேண்டும் என்று வந்தாலும் சரி, "பழசு எங்க?" என்பார். பழசை மேசைமேல் வைத்தால்தான் புதுசு வெளியே வரும். ஒருமுறை சூட்டில் கருகிப்போன ரப்பர் வளையத்தின் கரியைச் சுரண்டி, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தான் ஒரு ஃபிட்டர். அவர் அதையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் புதுசைக் கொடுத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒரு பக்கம் கிடக்க, 'பழசெங்கே' என்பதே அவர் பெயராகிவிட்டது. பணி ஓய்வு விழாவில் மேனேஜரே மறதியாக மைக்கில் அப்படித்தான் அழைத்தார். அவருக்கு அதில் பெருமைதான், போங்கள்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கார் வாங்கினார். மகள் நெடுஞ்சாலையின் மறுகோடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வேலையில் இருந்தவரை மனைவியை எங்கேயும் கூட்டிப் போகவில்லை என்கிற உறுத்தல் அவருக்கு உண்டு. இனியாவது அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு நினைத்தபோது மகள் வீட்டுக்குப் போய்வர வேண்டும். மனிதர் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

பழைய கார் என்றால் சும்மா இருக்குமா? கிளட்ச் போயிற்று, பிரேக் போயிற்று, சைலன்ஸர் ஓட்டையானது. தெருமுனை மெக்கானிக் ஒவ்வொன்றாக மாற்றினார். ஒவ்வொரு முறையும் சாவியை வாங்குவதற்கு முன்னால் இவர் கை நீட்டுவார்.

"பழசு எங்க?"

"அது எதுக்கு சார்? வெறும் இரும்பு."

"இரும்போ துரும்போ, என் வண்டியில இருந்தது எனக்கு வந்தாகணும்."

மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லும் மெக்கானிக்குகளைப் பற்றி அவர் கதை கதையாகக் கேள்விப்பட்டிருந்தார். கழற்றியதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி மாட்டிவிடுகிறவர்களும் உண்டாம். அதனால் பழைய சாமான் எல்லாம் சாக்கில் கட்டி வீட்டுக்கு வந்தது. மனைவி வாசலிலேயே மறித்தாள். "இது வீடா, காயலான் கடையா? உள்ள ஒரு ஆணி வரக்கூடாது." ஆகவே சாக்கு கார் டிக்கிக்கே திரும்பிப் போயிற்று.

அடுத்த வருடம்தான் அந்த ஆட்டம் தொடங்கியது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டியதும் பின்பக்கம் மெல்ல அசைந்து கொடுக்கும். லாரி ஒன்று பக்கத்தில் கடந்தால் போதும், வண்டி முழுசும் இப்படியும் அப்படியும் அலையும். ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருத்தினால் இன்னும் மோசம். ஒருநாள் அப்படி ஆடியபோது மனைவி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு கத்திவிட்டாள். அடுத்த பஸ் நிறுத்தத்தில் இறங்கி, பையையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. ஊர் எல்லைவரை காரில் வருவாள். நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில் இறங்கி பஸ் பிடிப்பாள். இவர் காலி சீட்டோடு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஆடிக்கொண்டு போவார். "யாரும்மா அது, ரொம்ப நேரமா பின்னாடியே வர்றாரு?" என்று கண்டக்டர் கேட்டாராம். "எங்க வீட்டுக்காரர்தான்" என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்ததாம்.

மெக்கானிக் சளைக்கவில்லை. அலைன்மென்ட் பார்த்தார், வீல் பேலன்ஸ் செய்தார். நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார். பிறகு ஸ்பிரிங், லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ராக் என்று ஒன்றையும் விடவில்லை. கழற்றியதெல்லாம் வழக்கப்படி டிக்கிக்குப் போயிற்று. டயர்களை மாற்றியபோது பழைய டயர்கள் இரண்டு டிக்கியிலும் இரண்டு பின்சீட்டிலும் ஏறின.

ஆனால் ஒவ்வொரு முறையும் வண்டியை ஒர்க்ஷாப்பில் விடுவதற்கு முன்னால் பழசெங்கே ஒரு காரியம் செய்வார். அத்தனை சாமானையும் இறக்கி வீட்டுத் திண்ணையில் அடுக்கிவிட்டுத்தான் போவார். விட்டுவைத்தால் மெக்கானிக் அதையே எடுத்து மாட்டிவிட்டால்? வண்டி திரும்பும்வரை மட்டும் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள். வந்ததும் எல்லாம் மறுபடி ஏற வேண்டும்.

மெக்கானிக் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பார். வண்டி அம்பு மாதிரி நேராகப் போகும்.

"எனக்கு ஆடல சார். உங்களுக்குத்தான் ஆடுது." கடைசியில் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வயசாச்சுன்னா கை கொஞ்சம் ஆடும் சார். தப்பா நினைக்காதீங்க."

இவர் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். ஆடுகிற மாதிரியும் இருந்தது, ஆடாத மாதிரியும் இருந்தது. மகள் போனில், "காரை வித்துடுங்கப்பா, அம்மா பயப்படறாங்க" என்றாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வண்டியை மறுபடி கொண்டுபோய் விட்டார். இந்தத் தடவை மெக்கானிக் சும்மாவே திருப்பிக் கொடுத்தார். "எதையும் கழட்டல சார். கழட்ட இனி ஒண்ணும் பாக்கியில்ல." வாங்கிக்கொள்ளப் பழசு எதுவும் இல்லாததில் பழசெங்கேவுக்குப் பெரிய ஏமாற்றம். இருட்டிவிட்டதால் திண்ணையில் கிடந்த சாமானை மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை மகள் ஸ்டூலிலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று பார்த்து பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். மனைவி கைக்குக் கிடைத்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு நேராக முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். இவர் திண்ணையில் நின்று பழைய ஷாக் அப்சார்பரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அதை ஏத்திக்கிட்டு நின்னீங்கன்னா நான் நடந்தே போயிடுவேன்!"

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"அவனுக்குப் புண்ணியமாப் போகட்டும். வண்டியை எடுங்க."

எடுத்தார். நெடுஞ்சாலை வந்தது. எண்பது. மனைவி கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தாள். தொண்ணூறு. ஒரு லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு கடந்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டத்துக்காகக் காத்திருந்தார். அது வரவேயில்லை.

கொஞ்ச நேரத்தில் மனைவி கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பாவம், அந்தத் தம்பி கடைசில சரி பண்ணிட்டாரு."

மெக்கானிக் இந்தத் தடவை எதையும் தொடவில்லை என்பது இவருக்குத்தான் தெரியும். அப்புறம் எது மாறியது? டிக்கி காலி. தள்ளுவண்டியில் பின்னால் கனத்தை ஏற்றினால் முன்சக்கரம் தரையைப் பிடிக்காது என்று ஸ்டோரில் எத்தனை பேரைத் திட்டியிருப்பார்! இத்தனை நாளும் வண்டியை ஆட்டியது அந்த டிக்கியின் கனம்தான். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அவர் முகம் சும்மா இருக்கவில்லை.

மனைவி அவரைப் பார்த்தாள். பின்னால் திரும்பி வெறும் சீட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பழசு எங்க?"

"வீட்டுல."

அவள் மறுபடி முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இத்தனை நாளா என்னை இறக்கிவிட்டுட்டு, அந்த இரும்பை ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க."

அவர் ஸ்டீயரிங்கில் இருந்த தன் கைகளைப் பார்த்தார். இப்போது அவை நன்றாகவே நடுங்கிக்கொண்டிருந்தன. வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது.