தேங்காய் போகலாம், மாவிலை ஏலாது

காலையில் வேலைக்கு வந்து கோப்பியை மேசையில் வைத்ததும் நான் முதலில் செய்வது, ஒரு மட்டன் ரோலை விசாரணை செய்வது. நீ இறைச்சியா, மாவில் சுட்ட பாணா? இறைச்சி என்றால் உனக்கு மிருக வைத்தியர் கையெழுத்து வைக்கவேண்டும். பாண் என்றால் உன்னுடைய வயிற்றுக்குள் ஆடு எவ்வளவு, உருளைக்கிழங்கு எவ்வளவு? யாழ்ப்பாணத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ரோலைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. சூடா இருக்கா என்று மட்டும்தான் கேட்பார்கள். இங்கே ரோல் கடல் கடந்து ஐரோப்பாவுக்குள் போவதென்றால் அதற்கு ஒரு நீண்ட இலக்கம் வேண்டும். அந்த இலக்கத்தைத் தேடிப் பிடித்து, கணினியில் ஏற்றி, லொறி புறப்பட முதல் அந்தக் கரைக்கு அறிவிப்பதுதான் என் உத்தியோகம். ஊரில் அம்மா, "மகன் லண்டனில கஸ்டம்ஸ் ஒபிசர்" என்று சொல்லி வைத்திருக்கிறார். இல்லை, அம்மா. நான் ரோல்ஸுக்குச் சாதகம் எழுதுகிறவன்.

இந்த உத்தியோகத்தைப் பெற்றெடுத்தது பிரெக்சிட். குரோய்டனில் தொழிற்பேட்டை ஒன்றின் மூலையில் சிவா அங்கிளின் சமையல்கூடம் இருக்கிறது. அவர்தான் என் முதலாளி. ரோல்ஸ், பற்றிஸ், முறுக்கு, கறித்தூள் எல்லாம் அங்கேதான் செய்கிறார்கள். முந்தி, பின்னேரம் ரோல்ஸைச் சுட்டு வானில் ஏற்றினால் விடியப் பாரிசில் தமிழ்க் கடைகளில் இறக்கிவிட்டு, ஜேர்மனிக்கும் ஹொலண்டுக்கும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார்களாம். கிளிநொச்சிக்குப் போய் வருகிற மாதிரி. நாடு ஐரோப்பாக் கூட்டைவிட்டுக் கழன்ற பிறகு ஒவ்வொரு லோடுக்கும் வைத்தியர், முத்திரை, காத்திருப்பு. ஒரு பெட்டி பிழையாகப் பதிந்திருந்தால் முழு வானும் துறைமுகத்தில் கிடந்து புளிக்கும். சின்னக் கடைக்காரர்கள் "அண்ணை, இனி நாங்கள் இங்கேயே பாப்பம்" என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ரோல் சுற்றிய பல்கேரியப் பெண்கள் தங்கள் நாட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் எங்கட ஸ்டூடண்ட் விசாப் பெடியள். அவர்களில் நானும் ஒருத்தன். யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்து, இங்கே மாஸ்டர்ஸ் முடித்து, கொஞ்சக் காலம் ரோல் சுற்றி, பிறகு மேசைக்கு ஏறியவன். அவர்களுக்குக் கதவை அடித்துச் சாத்தினார்களே, அந்தக் காற்றில் இழுபட்டு உள்ளே வந்தவன் நான்.

ஆகவே நான் பிரெக்சிட்டுக்குத் தேங்காய் உடைக்கவேண்டியவன். உடைத்தும் இருப்பேன், ஜனகன் இல்லாவிட்டால்.

ஜனகன் மாமியின் மகன், அப்பாவின் அக்கா பெற்ற பிள்ளை, என்னுடைய சொந்த மச்சான். பிறந்து வளர்ந்தது ஹொலண்ட். கதவு சாத்த முன்பே லண்டனுக்கு வந்து செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதாவது நிரந்தரமாக நிற்கிற உரிமை, எடுத்துவிட்டான். கையில் ஹொலண்ட் பாஸ்போட், போனுக்குள் லண்டன் உரிமை. இரண்டு பக்கமும் அவனுக்குத் தாவாரம். அங்கிளின் வான் ஓடுகிறான். பக்கத்து ஊர் சட்டனில் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கிறோம். போன மாதம் பாரிசுக்குப் போய்த் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தான். மயிர் வெட்டுவதற்கு! எனக்குப் பாரிஸ் போவதென்றால் வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், போகிற இடத்துக் கட்டில் எல்லாம் காட்டவேண்டும். காட்டலாம் என்றாலும் காட்டுவதற்கு நாள் கிடைக்காது. அவன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டு, "லண்டன்காரனுக்கு ஃபேட் வெட்டத் தெரியாது மச்சான்" என்று சொல்ல, எனக்குப் பற்றி எரிந்தது.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். லண்டனில் இருக்கிறவனுக்கும் பொறாமையோ? இருக்கிறது ஐயா. உங்களுக்கு என்மேல் இருக்கிறதைவிடக் கூட இருக்கிறது. உங்களுக்கு நான் படத்தில்தான் தெரிகிறேன். எனக்கு அவன் ஒரு சுவர் தள்ளிக் குறட்டை விடுகிறான்.

இது புது வருத்தமும் இல்லை. சின்ன வயதில் மாமி குடும்பம் விடுமுறைக்கு வரும்போது எங்கள் ஒழுங்கைக்கே காய்ச்சல் வரும். அவனுக்குப் போத்தல் தண்ணீர், எங்களுக்குக் கிணறு. கிரிக்கெட் விளையாட்டே தெரியாதவன், ஆனால் மட்டை அவன் கொண்டுவந்தது என்பதால் அவன் அவுட்டே ஆகமாட்டான். ஸ்டம்ப் மூன்றும் பறந்தாலும், "நோ போல்" என்று தமிழும் இல்லாத ஆங்கிலமும் இல்லாத ஒரு குரலில் சொல்வான். எல்லாரும் தலையாட்டுவார்கள். அப்பாவுக்கும் அந்த நாளில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் இடம் வைத்திருந்தானாம். "நாடு சரிவரும், பிள்ளையளுக்குப் படிப்பிக்க ஆள் வேணும்" என்று வாத்தியார் வேலையிலேயே நின்றுவிட்டார். நல்ல மனுசன். அந்த நல்ல மனத்துக்கு வட்டி கட்டுகிறவன் நான்.

எங்கள் கூடத்துக்குப் பக்கத்தில் டயர்க் கடை வைத்திருக்கிற டேவ் என்ற வெள்ளைக்காரர், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "விலகச் சொல்லித்தான் நான் ஓட்டுப் போட்டேன். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உங்கள் ஆட்கள் மூட்டை கட்டுகிறதைப் பார்க்கக் கவலையாகத்தான் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லி என் தோளைத் தட்டினார். ஒன்றும் விளங்காமல் நன்றி சொன்னேன். பிறகுதான் பிடிபட்டது, மனுசன் என்னை ஐரோப்பியன் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்ற ஜனகனைக் காட்டி, "ஐரோப்பியன் நான் இல்லை, இவன்தான்" என்றேன். டேவ் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜேயா? அவன் எங்கட பெடியன்!" டேவின் வாயில் ஜே ஆகிவிட்ட ஜனகனும் சேர்ந்து சிரித்தான். ஜேர்மனியிலிருந்து டயர் வரப் பிந்துகிறது என்று இப்போது டேவ் என்னிடம்தான் வந்து முறைப்பாடு வைக்கிறார். நான் அவருக்கு இன்னமும் ஐரோப்பாவின் பிரதிநிதி.

இந்த வருடம் என்னுடைய விசா முடிகிறது. அங்கிள் ஸ்பொன்சர் செய்தால் நிற்பேன், இல்லாவிட்டால் பெட்டி கட்டவேண்டும். அவ்வளவுதான் கதை. அங்கிள் எழுதுவார் என்றுதான் நம்பியிருந்தேன். அவருடைய லோட் ஒன்றைக்கூட நான் துறைமுகத்தில் புளிக்க விட்டதில்லை.

ஒருநாள் மத்தியானம் அங்கிள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஹொலண்டில் ஒரு கூடம் எடுத்திருப்பதாகச் சொன்னார். ஐரோப்பாவுக்கான ரோல்ஸை இனி அங்கேயே சுடப் போகிறாராம். வைத்தியரும் இல்லை, முத்திரையும் இல்லை.

"ஆர் அங்கிள் பாக்கிறது?" என்று கேட்டேன்.

"ஜனகன்தான்."

"என்னை அனுப்புங்கோவன். கணக்கு, ஓடர் எல்லாம் எனக்குத்தானே தெரியும்."

"உன்ர பாஸ்போட்டோட அங்க வேலை செய்ய ஏலாது தம்பி. அவனுக்கு ஒண்டும் தேவையில்லை. ஏறினாப் போச்சு."

"அப்ப என்ர விசா?"

"பாப்பம். முதல்ல அங்க அடுப்பு எரியட்டும்."

அன்று பின்னேரம் பஸ்ஸில் வரும்போதுதான் முழுதாக உறைத்தது. ரோல்ஸ் கடல் தாண்டினால்தான் எனக்கு வேலை. என்னைப் போகவிடாமல் மறிக்கிற அந்த எல்லைதான் எனக்குச் சாப்பாடும் போடுகிறது. அங்கே அடுப்பு எரிந்தால் இங்கே என் மேசை அணையும். அடுப்பை மூட்டப் போகிறவன் ஜனகன். முன் சீற்றில் இருந்த அவன் போனில் ஏதோ பார்த்துச் சிரித்தான். பிடரியில் ஒன்று போடலாம் போலிருந்தது.

புதுக் கூடத்துக்கான முதல் வான் புறப்பட்ட நாளில், கடதாசிகளைக் கடைசியாக ஒருக்கால் பார்க்கச் சொல்லி அங்கிள் என்னையும் டோவர் துறைமுகம் வரைக்கும் அனுப்பினார். பின்னால் கறித்தூள் மூட்டைகளும் பொரிக்கிற பெரிய தாச்சிகளும். துறைமுகத்துக்கு முன்னால் லொறிகள் நிற்கிற இடத்தில் வானை ஓரம் கட்டினோம். ஜனகனின் கால்மாட்டில் ஒரு பை கிடந்தது.

"என்னடா இது?"

"அன்ரி தந்தவ. பால் காய்ச்ச."

திறந்து பார்த்தேன். ஒரு போத்தல் பால், ஈரத் துணியில் சுற்றிய மாவிலை, வெற்றிலை, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். புது இடத்தில் பால் காய்ச்சிக் கும்பம் வைக்காமல் நம்மவர் யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். அதற்காக அங்கிளின் மனைவி லண்டன் பாலை, மாடுகளுக்குப் பேர்போன ஹொலண்டுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

"இதுகள் போக ஏலாது" என்றேன்.

"விடு மச்சான். சீற்றுக்குக் கீழ தள்ளுவம். ஆர் பாக்கப் போறாங்கள்?"

"பிடிச்சா உன்னை ஒண்டும் செய்யாங்கள். வான் மறிபடும். பேப்பரில கிடக்கிறது என்ர பேர்."

அவன் அன்ரிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சாமிச் சாமானுக்கும் கஸ்டம்ஸோ?" அன்ரியின் குரல் வானை நிறைத்தது. "வெறுங்கையோட ஒரு புது இடத்துக்க கால் வைக்கிறதோ?"

"பால் ஏலாது அன்ரி. மாவிலை ஏலாது. வெத்திலையும் ஏலாது."

"அப்ப என்னதான் ஏலும் உங்களுக்கு?"

"தேங்காய் போகலாம். வாழைப்பழமும் போகலாம். அதுகளுக்குப் பேப்பர் கேக்கமாட்டினம்."

"மாவிலை இல்லாமல் மொட்டைத் தேங்காயையோ கும்பத்தில வைக்கிறது?"

"நான் அங்க ரியூலிப் இலை பிடுங்கி வைக்கிறன் அன்ரி" என்றான் ஜனகன்.

"வாயைக் கழுவடா!"

சிரித்துக்கொண்டே போனை வைத்தான். நான் பையைப் பிரித்தேன். தேங்காயையும் பழத்தையும் அவன் பக்கம் வைத்தேன். பால், மாவிலை, வெற்றிலை என் பக்கம். சட்டம் அதுதான், ஆனால் அவனிடமிருந்து எதையோ பறித்த மாதிரி ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது. பிறகு தேங்காயைப் பார்த்தேன். ஒரு கேள்வி இல்லாமல் ஐரோப்பாவுக்குள் உருண்டு போகப் போகிறது. குடுமி வேறு.

ஜனகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"மச்சான், ஒண்டு சொல்லோணும். கோவிக்காத."

"என்ன?"

"அங்கிள் உன்ர விசாவுக்கு எழுதமாட்டாராம். அடுப்பு அங்க போனா இங்க பேப்பர் வேலை இல்லைத்தானே எண்டவர். உன்னட்ட என்னைச் சொல்லச் சொன்னவர்."

"எப்ப சொன்னவர்?"

"போன கிழமை."

"ஒரு கிழமையா வாய்க்குள்ள வச்சுக்கொண்டோ என்னோட இருந்து சோறு திண்டனி?"

"உன்ர முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமல் கிடந்தது. இப்பவும் கண்ணாடியைப் பாத்துத்தானே சொல்லுறன்."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் இங்கே அச்சில் போட ஏலாது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குப் போக விருப்பமோ எண்டு ஆரும் கேட்டவையே?" என்றான் கடைசியில். "அங்க படிச்ச காலம் முழுக்க ஒருத்தனும் என்ர பேரை ஒழுங்காச் சொன்னதில்லை. லண்டனுக்கு வந்துதான் நான் மனுசனானனான். நீ போனா எங்க போவாய்? ஊருக்குப் போவாய். அங்கிள் துரத்தினா நான் எந்த ஊருக்கடா போறது?"

"அப்ப பாஸ்போட்டை மாத்துவம். தா."

பகிடிக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து, "எடு" என்றான். பீட்ரூட் நிறத்தில் ஒரு சின்னப் புத்தகம். சின்ன வயதிலிருந்து நான் எரிந்தது முழுவதும் அந்த மட்டைக்குள்தான் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். ஜனகன் பாஸ்போட்டை எடுத்து உள்ளே வைத்தான். நான் பையுடன் இறங்கினேன்.

"சாப்பிட்டுட்டு ரெயின் ஏறு" என்றான். வான் துறைமுகத்துக்குள் போனது.

ரெயிலுக்குப் போகாமல் நான் மேலே, வெள்ளைப் பாறை மேட்டுக்கு ஏறினேன். கீழே கப்பல் கழன்று, திரும்பி, சின்னதாகியது. வெயில் நாள் என்றபடியால் அக்கரை ஒரு கோடாகத் தெரிந்தது. அவனுக்காகக் கவலைப்பட்டுப் பார்த்தேன். வந்தது. ஆனால் பொறாமையும் போகவில்லை, இரண்டும் ஒரே வாங்குப் பலகையில் முட்டிக்கொண்டு இருந்தன. துரத்தினாலும் அவனுக்குத் துரத்துப்பட இரண்டு நாடு இருக்கிறதே.

அப்போது போன் அதிர்ந்தது. ஜனகனாக்கும் என்று எடுத்தேன். போன் கொம்பனியிலிருந்து குறுஞ்செய்தி: பிரான்சுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம், இங்கே பாவிப்பதற்கு நாளாந்தக் கட்டணம் அறவிடப்படும். கூட்டில் இருந்த காலத்தில் அந்தக் கட்டணம் இல்லையாம். அக்கரைக் கோபுரத்தின் சிக்னலை என் போன் எட்டிப் பிடித்திருக்கிறது. திரை மூலையில் மணியும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் பாய்ந்து பிரான்ஸ் நேரமாகிவிட்டது. விரல் அடையாளம் கொடுக்காமல், வங்கிக் கணக்குக் காட்டாமல், என் காற்சட்டைப் பைக்குள் இருந்தபடியே அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஆரார்மீதோ பொறாமைப்பட்டிருக்கிறேன், சொந்தப் போன்மீது பொறாமைப்பட்டது அன்றுதான். அதைக் கையில் தூக்கி இங்கிலாந்துப் பக்கம், லண்டன் இருக்கிற திசைக்குத் திருப்பிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அது பிரான்சிலேயே நின்றது.