ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நான் பார்க்கும் வேலையே கலக்குவதுதான். இரும்பைக் கடையும் மெஷின்களின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் எண்ணெயை, ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் என்று அளந்து கலக்கிக் கொடுப்பேன். புதிதாகச் சேருகிறவர்கள் கண்ணளவில் ஊற்றினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்படி வாய் கிழியப் பேசுகிறவன் வீட்டில் செய்த லட்சணத்தைக் கேளுங்கள்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. மனைவி விடியற்காலையிலேயே முதல் ஷிஃப்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். அவள் மதியம் திரும்பும் வரை குழந்தை என் பொறுப்பு. மனைவி போன கொஞ்ச நேரத்தில் மகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. தண்ணீராகவே போனது. நான்கு முறை, ஐந்து முறை, அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவியின் போன் கம்பெனி லாக்கரில்தான் கிடக்கும், வேலை இடத்துக்குள் போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

தடுப்பூசி போடப் போனபோது வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் கொடுக்கச் சொல்லி நர்சம்மா கொடுத்த ஓ.ஆர்.எஸ். உப்புத்தூள் பாக்கெட் ஞாபகம் வந்தது. பாய்ந்து எடுத்து, மொத்தத்தையும் ஒரே டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்பது என் கணக்கு. மகள் முதல் ஸ்பூனிலேயே முகத்தைச் சுளித்து என் சட்டையில் துப்பினாள். இரண்டாவதுக்கு வாயையே திறக்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்து அதட்டவும் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சத்தம் கேட்டு, எங்கள் லைன் வீட்டின் கடைசிப் போர்ஷனில் இருக்கும் பால்வாடி டீச்சர் வந்தார். டம்ளரில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தார்.

"எவ்ளோ தண்ணி ஊத்தினே தம்பி?"

"இந்த டம்ளர்தான், டீச்சர்."

"பாக்கெட்ல இன்னா எழுதிக்கீது, படி."

ஒரு லிட்டர் என்று எழுதியிருந்தது. உப்பு அதிகமானால் உடம்பில் மிச்சமிருக்கிற தண்ணீரையும் இழுத்துவிடும், நல்லவேளை துப்பினாள் என்றார். நீ கலந்த தப்பை உன் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா என்று சிரிக்காமல் சொன்னார். மானமே போயிற்று.

டம்ளரில் இருந்ததைக் கொட்டிவிட்டு அவரே புது பாக்கெட் கொண்டுவந்தார். நான் வேலைக்குக் கொண்டுபோகும் பாட்டில் சரியாக ஒரு லிட்டர். சோப்பு போட்டுக் கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்தோம். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று டீச்சர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனாள் என்று கேட்டார். விடியற்காலையில் என்றேன். அவர் முகம் மாறியது.

"ஸ்பூன் ஸ்பூனா குடு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் உட்டுட்டுக் குடு. பன்னெண்டு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போவணும். போவல, இல்ல குடிக்காம சோந்து படுத்துட்டா, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினே இரு."

முதல் ஸ்பூன் உள்ளே போனது. துப்பவில்லை. இரண்டாவதுக்கு அவளே வாயைத் திறந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருமுறை வாந்தி எடுத்தாள்; கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி ஆரம்பித்தேன். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கிறவனைப்போல என்னால் உட்கார முடியவில்லை. மணி பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது, ஒண்ணுக்கு மட்டும் வரவில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பையைத் தோளில் மாட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

உள்ளங்கையில் சூடு பரவியது. பிறகு சட்டை, பேன்ட், கால்வரை.

"டீச்சர், ஒண்ணுக்குப் போறா டீச்சர்!"

லைன் வீடு முழுக்கக் கேட்டிருக்கும். நான் அசையவே இல்லை. அசைந்தால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயம். டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கரைசலை நிறுத்தாதே, ஓ.ஆர்.எஸ்ஸோடு தருகிற துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை நர்சம்மாவிடம் வாங்கிப் பதினாலு நாளும் கொடுக்கணும், தாய்ப்பாலும் சோறும் வழக்கம்போல என்று அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்து மனைவி கூப்பிட்டாள்.

"இன்னா இத்தினி தபா கால் பண்ணிக்கிற? இன்னாச்சு?"

"பாப்பா ஒண்ணுக்குப் போய்ட்டா" என்றேன்.

"இதுக்கா?"

அவளுக்கு எதுவுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. டம்ளர் விஷயம் உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, போனைக் குழந்தையிடம் கொடு என்றாள். மகள் போனைப் பார்க்கவேயில்லை. என் கையிலிருந்த ஸ்பூனைப் பிடித்து இழுத்து, "தா" என்றாள். அந்தப் பக்கம், பஸ் சத்தத்துக்கு நடுவே, மனைவி ஓவென்று அழுதாள். நானும் அழுதுகொண்டே அடுத்த ஸ்பூனை ஊட்டினேன்.