நாலு வயதா, ஆறு வயதா

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமில் ஓட்டம், கம்பியில் ஏறி இறங்குவது, பள்ளம் தாண்டுவது எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். மீதியிருந்தது உடல் பரிசோதனை மட்டும். சாத்தூரில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் அதற்கென்றே ஒரு பாடம் நடத்தியிருந்தார்.

"டாக்டர் எந்த நோய் இருந்துச்சான்னு கேட்டாலும் இல்லைன்னு சொல்லணும்லே. தலைவலி வந்திருக்கான்னு கேட்டாக்கூட இல்லைதான்."

நானும் அப்படித்தான் சொல்லப் போனேன். வெறும் ஜட்டியோடு வரிசையில் நின்றோம். டாக்டர் வடக்கத்திக்காரர். மொழிபெயர்க்கப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சிப்பாய். என் தொப்புளுக்கு மேலே வட்டமாக ஒரு பழைய தழும்பு உண்டு. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சிப்பாய், "எந்த ஊரு?" என்றார். சிவகாசிப் பக்கம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டாக்டரிடம், "பட்டாசு" என்றார். டாக்டரும் தலையாட்டிவிட்டு எழுதப் போனார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எங்கே போனாலும் எனக்கு இதே தொல்லை. மதுரையில் பல்வலிக்குப் போனால்கூட, ஊர்ப் பேரைக் கேட்டதும் வெடி கம்பெனி வேலையா என்பார்கள். சைக்கிளில் விழுந்து முட்டி சிராய்த்தால் அதுவும் வெடியால்தான். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

"வெடி இல்ல சார். சின்ன வயசுல வலிப்பு வந்தப்ப வீட்டுல சூடு போட்டது" என்று சொல்லிவிட்டேன்.

சிப்பாய் என்னைப் பாவமாகப் பார்த்தார். மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று யோசித்தார் போலிருக்கிறது. அதற்குள் டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டுவிட்டார்.

தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதி, வெளியூரில் இருந்த ராணுவ மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே தலை முழுக்க வயர்களை ஒட்டிச் சோதித்தார்கள். கோளாறு எதுவும் இல்லை. நரம்பு டாக்டர் பொறுமையான மனிதர். தட்டுத் தடுமாறித் தமிழே பேசினார். சின்னக் குழந்தைக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். ஆனால் ஐந்து வயதுக்கு மேல் வந்திருந்தால் சேர்க்க முடியாது என்றார்.

"உனக்கு எந்த வயசு?"

எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சூடு பட்டதுகூட எனக்கு நினைவில்லை. நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அடுத்த வாரம் கூட்டி வா என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். பெற்ற பிள்ளைக்கு எந்த வயதில் வலிப்பு வந்தது என்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

"நாலு வயசு இருக்கும்லே" என்றார் அப்பா. "ஆலங்குளத்துல ஒங்க அத்தை கல்யாணம் முடிஞ்ச வருசம்."

"அந்தக் கல்யாணத்துக்கு இவன இடுப்புல தூக்கிட்டுல்ல போனேன்" என்றாள் அம்மா. "நாலு வயசுப் பயலையா இடுப்புல தூக்குவாக?"

எனக்குச் சூடு போடச் சொன்னதே என் தாய்மாமன்தான். அவருக்காவது தெரியும் என்று போனால், "இருக்கன்குடி ஆத்துல தண்ணி வந்த வருசம்டா" என்றார்.

"ஆத்துல எந்த வருசம் மாமா தண்ணி வந்துச்சு?"

"ஒனக்கு வலிப்பு வந்த வருசம்தான்."

எழுந்து வந்துவிட்டேன். அப்போது காட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் வீட்டில் இல்லை. இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கடைசியில் மாஸ்டர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொன்னார். "மூணு வயசுன்னு சொல்லுங்கக்கா. நாலுன்னு சொன்னா பக்கத்துல அஞ்சு வந்துரும். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீக."

அம்மா தான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, விசேஷத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். ரயிலில் போகும்போது, "மூணு வயசு சார், நல்ல காய்ச்சல் சார்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே வந்தாள். எதிரில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

டாக்டர் கேட்டதும் மூணு வயசு என்று டாண் என்று சொன்னாள். அவரும் குறித்துக்கொண்டார். அதோடு வணக்கம் சொல்லி எழுந்திருக்கலாம். டாக்டர் சும்மா, "அப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்றார்.

"நான் எங்க சார் இருந்தேன்? நான் ஆபீஸ்ல தீக்குச்சிக் கட்டை அடுக்கிக்கிட்டு இருந்தேன். டீச்சர்தான் இவனத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாக. புத்தகப் பைக்கூடெல்லாம் அங்கனயே கெடந்துச்சு."

"டீச்சரா? என்ன கிளாஸ்?"

"ஒண்ணாப்பு சார்."

ஒண்ணாப்பு என்றால் ஐந்து வயது தாண்டிவிட்டது என்பது அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. டாக்டர் என்னைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தகுதியில்லை என்று முடித்துவிட்டார்கள். திரும்பும் வழியில் திண்டுக்கல் தாண்டியதும் அம்மாவே ஆரம்பித்தாள்.

"பால்வாடி டீச்சராக்கூட இருக்கும்லே. பால்வாடியிலயும் டீச்சர்னுதான கூப்பிடுவோம்."

"இத அங்க சொல்லியிருக்கலாம்ல?"

"அவரு என்ன கிளாஸுன்னுல்ல கேட்டாரு. பால்வாடியில ஏது கிளாசு?"

மறுநாள் காலையிலேயே பால்வாடி டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவில்தான் இருக்கிறார். கேட்டதும், "நான்தான்ப்பா ஒன்னயத் தூக்கிட்டு ஓடுனேன். ஒடம்பு அனலாக் கொதிச்சிச்சு. அப்ப ஒனக்கு நாலு முடியல" என்றார். மாஸ்டரிடம் ஓடினேன். மறுபரிசோதனையில் சொன்னதுதான் முடிவு, அதற்கு மேல் போக வழியில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் வீட்டில் யாரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வார்த்தையால் என் வேலையைக் கெடுத்துவிட்டாள் என்று அம்மா மேல் அவ்வளவு கோபம். ராணுவத்தில் சேரும் வயதும் தாண்டிப்போனது. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ் ஒன்றில் சேர்ந்தேன்.

போன காலண்டர் சீசனுக்கு முன்னால் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். எனக்கு ஒண்ணாம் வகுப்பு எடுத்தவர். பெயர் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார்.

"இப்ப ஒடம்பு எப்படிப்பா இருக்கு? எழுதிக்கிட்டே இருந்தவன் வலிப்பு வந்து சிலேட்டோட சாய்ஞ்சிட்ட. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் தூக்கிக்கிட்டு ஓடுனேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். "எத்தனை தடவை வந்துச்சும்மா?"

அம்மா முறத்தில் இருந்த அரிசியைத் தள்ளித் தள்ளிக் கல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவைதான்லே. பால்வாடியில."

"அப்ப ஒண்ணாப்புல?"

"அது வெயில் மயக்கம்."

"டீச்சர் வலிப்புங்கிறாங்களே."

"அவுக டீச்சர்தான, டாக்டரா?"

அப்படியானால் ஐந்து வயதுக்கு மேலும் ஒரு தடவை வந்திருக்கிறது; டாக்டர் எழுதியதில் தப்பே இல்லை. யார் மேலும் இனி கோபப்பட முடியாது என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நிதானமாக யோசித்தார்.

"ரெண்டு தடவைன்னா, அத்தை கல்யாணம் எந்தத் தடவைக்கு முந்திலே?" என்று கேட்டார்.