புது வண்டி வேண்டாமென்ற அண்ணன்

அண்ணன் எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அண்ணி கேட்டபோது, "அவரோட நாலு மாசம் பேசாம இருந்தவன் நான். என்னை எழுதச் சொல்றீங்களே அண்ணி" என்றேன். "அதையும் சேர்த்து எழுதுங்க" என்றார். அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் மயிலாப்பூரில், ஐந்து குடும்பங்கள் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்த ஒரு வீட்டில் பிறந்தார். இரண்டரை வயதில் வந்த போலியோ இடது காலைச் சூம்பச் செய்துவிட்டது. பத்தாம் வகுப்பு முடித்ததும் தியாகராய நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். நான் கல்லூரி முடித்தது அவருடைய உழைப்பால்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

கூட்டமான பேருந்தில் ஏறுவது அவருக்குப் பெரும்பாடு. மந்தைவெளியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய்தான் அதற்கு ஒரு வழி செய்தார். ஒரு பழைய சைக்கிளில் இடது பெடலின் தண்டைப் பாதியாக வெட்டிப் பற்றவைத்தார். வலது பெடலில் பாதம் நழுவாதபடி தோல்வார் வைத்தார். வலது கால் மிதிக்க, இடது கால் சின்ன வட்டத்தில் கூடவே சுற்றி வரும். அந்த வண்டியில்தான் அண்ணன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆழ்வார்பேட்டை வழியாக வேலைக்குப் போய்வந்தார்.

ஓய்வு பெற்றபின் காலையில் பெசன்ட் நகர் கடற்கரைவரை போக ஆசைப்பட்டார். குறுக்கே அடையாறு பாலம். பழைய இரும்புச் சக்கரங்களின் கனத்தில் அந்த ஏற்றம் முடியவில்லை. பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். அந்தக் காலோடு வண்டியைத் தள்ளுவது ஓட்டுவதைவிடக் கடினம்.

பாய் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணும் கோளாறு இல்ல நைனா. சக்கரம்தான் கனமா கீது. அலுமினியத்துல ரெண்டு போட்டா சும்மா பறக்கும். இன்னா சொல்றே?" என்றாராம்.

அண்ணன் என்னிடம் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "அந்தப் பழைய வண்டிக்குப் போய் யாராவது புதுச் சக்கரம் போடுவாங்களா? கொஞ்சம் பொறு. சேர்த்துவச்சு கியர் வண்டியா வாங்கிடலாம்" என்றேன். அவரும் மறுக்காமல் ஒரு மாதம் யோசித்தார். எனக்குத்தான் பொறுமை இல்லை. அவருடைய அறுபதாவது பிறந்தநாளன்று, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதிய கியர் சைக்கிளை வாங்கிக்கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன்.

என் முகத்துக்காக அண்ணன் அதில் ஏறினார். பெரிய வட்டத்தில் சுற்றிய பெடலோடு இடது காலால் போக முடியவில்லை. பத்தடி போவதற்குள் பாதம் நழுவி, தெருவே பார்க்க விழுந்தார். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அண்ணி ஓடிவந்து தூக்கினார்.

"இதையும் பாய்கிட்ட குடுத்து வெட்டச் சொல்லலாம்" என்றேன்.

"நல்ல வண்டியை எதுக்குடா வெட்டணும்? எனக்குச் சக்கரம் மட்டும் மாத்தினா போதும். என் உடம்பு அந்த வண்டிக்குத்தான் பழகியிருக்கு."

"உனக்கு யார் நல்லது செஞ்சாலும் பிடிக்காது. கடைசிவரைக்கும் அந்த ஓட்டை வண்டியோடவே கிட."

புது வண்டியை நானே உருட்டிக்கொண்டு அடையாற்றில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பினேன். அடுக்ககத்தின் கீழே அது தூசி படிந்து கிடந்தது. நாலு மாதம் நான் அண்ணன் வீடு இருக்கும் மந்தைவெளிப் பக்கம் போகவில்லை. தொலைபேசியில் அண்ணி பேசினால் மட்டும் பேசினேன். விழுந்தவரின் கை ஆறியதா என்றுகூடக் கேட்கவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழேயிருந்து மணிச் சத்தம் விடாமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் சட்டை நனைய வியர்த்து, சீட்டில் உட்கார்ந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதே பழைய வண்டி. பளபளவென்று இரண்டு புதுச் சக்கரங்கள்.

நான் படியிறங்கி வந்ததும், "இறங்காம வந்தேன்டா" என்றார். பாலத்தைச் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"உன் வண்டி எங்கே?"

"என் வண்டியா? அது உனக்கு வாங்கினது."

"கடையில யார் ஏறிப் பார்த்தது?"

"நான்தான்."

"அப்ப உன் உயரத்துக்குத்தானே வாங்கியிருப்பே? எடு, போலாம். சர்க்கரையை வச்சுக்கிட்டு வீட்லயே உட்கார்ந்திருக்கே."

அன்று தொடங்கி இரண்டு ஆண்டுகள், மழை நாள் தவிர, நாங்கள் இருவரும் சேர்ந்தே கடற்கரைக்குப் போனோம். சின்ன வயதில் ஒரே வீட்டில் வளர்ந்தபோதுகூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. கிண்டி வரை ஒருநாள், மெரினா வரை ஒருநாள் என்று தூரத்தையும் கூட்டினார். மெரினாவுக்குப் போகும்போது, இரண்டு காலும் நன்றாக இருக்கும் நான்தான் பாலத்தில் இறங்கித் தள்ளுவேன். அவர் மேலே போய்க் காத்திருப்பார்.

பிறகு இதயம் பலவீனமாகிவிட்டது. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தார். வலியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாலை என் கையைப் பிடித்து, "தினம் போறியா?" என்று கேட்டார். "போறேண்ணா" என்றேன். உண்மையில் போகவில்லை. மறுநாள் காலை போனேன். அதைச் சொல்ல ஆசையாக மருத்துவமனைக்கு வந்தபோது அவர் உறக்கத்தில் இருந்தார். அதன்பிறகு கண் விழிக்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் குடும்பத்தைத் தாங்கியவர்கள் பலர். இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், சோறு வடித்துக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், கடையை மூடிவிட்டுப் பதினொரு நாளும் வந்த பாய்க்கும், தொலைவிலிருந்து வந்து தோள்கொடுத்த உறவினர்களுக்கும் அண்ணியின் சார்பில் என் வணக்கங்கள்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். முதல்முறை பாலம் ஏறிய அந்தக் காலையில், தமக்குப் பின்னால் ஒரு மாநகரப் பேருந்து வந்ததாக அண்ணன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். ஏற்றம் முடியும்வரை அதன் ஓட்டுநர் முந்தவுமில்லை, ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவுமில்லையாம். ஐயா, உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. இந்த மலர் உங்கள் கைக்கு வரப்போவதும் இல்லை. உங்களுக்கும் எங்கள் நன்றி.