புலிச்சுறாவின் துடுப்பு

அம்மாவின் தம்பி தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியதாக வீட்டில் சொன்னார்கள். மைசூரில் எங்கள் தெருவில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. மாமா எனக்குக் கொண்டுவந்தது அரைவட்டமாக, பலகைபோல் காய்ந்த ஒரு பழுப்புப் பொருள்.

"புலிச்சுறாவோட துடுப்பு, மகாராணி! வரி வரியா இருக்கு பாரு."

பள்ளிக்கு எடுத்துப்போனேன். பக்கத்தில் உட்காருகிறவள் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அணபே கணே இது! மரத்துல மொளைக்கிற காளான்."

என் சித்தியைக் கட்டப்போகிறவரின் கடைசித் தங்கை அவள். கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் ஓலை, சித்திக்கு இரண்டு முடிந்திருந்தது. எனக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. "நாளைக்கு நிரூபிக்கிறேன்" என்றேன்.

சமையலறையிலிருந்து சுறாக் கருவாடு ஒரு துண்டு எடுத்து, இரண்டையும் முற்றத்தில் வைத்தேன். கருவாட்டின் தோல் ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கியது, எதிர்ப்பக்கம் விரலை அறுத்தது. மாமாவின் துடுப்பு எப்படித் தடவினாலும் ஒன்றுதான். அதன் அடியில் ஊசியால் குத்தியதுபோல் நுண்துளைகள். கருவாட்டில் துளையே இல்லை. அதற்குள் பூனை வந்து கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று. துடுப்பை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதையும் கணக்கில் சேர்த்தேன். எரித்துப் பார்ப்பது மட்டும் பாக்கி.

"மாமா, இது கடல்ல இருந்து வரல. ஏதோ மரத்துல பேத்தெடுத்தது. பக்கத்துல உக்கார்றவதான் ஜெயிச்சான்னு அவகிட்டயே சொல்லிடப்போறேன்."

மாமா சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "அக்கா, உன் பொண்ணைப் போலீசுல சேர்த்துடு."

அம்மா சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டுப் பொண்ணுகிட்ட வாயைத் திறந்தியோ, பாரு. துடுப்புன்னா துடுப்புதான்."

"அது பொய்தானேம்மா?"

"ஆமா. மூணாவது ஓலை முடியற வரைக்கும் பொய்தான்."

துடுப்பைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். விறகு வாசனை வந்தது. நான் மிச்சம் வைத்திருந்த சோதனையை அவளே செய்துவிட்டதில் எனக்குத் திருப்திதான். பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று மறுநாள் பள்ளியில் சொன்னேன். பாதி உண்மை.

சித்தியின் கல்யாணம் நடந்தது. தூத்துக்குடி என்று சொன்ன அந்த ஒரு வருஷமும் மாமா இருந்தது ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, காசநோய் ஆஸ்பத்திரியில். சளி பரிசோதிக்கும் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் அம்மா இதைச் சொன்னாள்.

துடுப்பு எரிந்த அன்று, சாப்பிட்டு முடித்ததும் மாமா தன் தட்டையும் தம்ளரையும் தானே வெந்நீரில் கழுவி, எங்களுடையவற்றிலிருந்து தள்ளிக் கவிழ்த்துவைத்தார். அதையும் பார்த்தேன். சுறாவுக்கும் காளானுக்கும் அதில் சம்பந்தம் இல்லாததால் விட்டுவிட்டேன்.